மாப்பிள்ளைக்குக் கட்டுன கயிறு

எங்க அண்ணி அஞ்சுகத்தை, மரத்துக்கெல்லாம் தாயின்னு ஒரு அதிகாரி மைக்கைப் புடிச்சுப் பேசிட்டுப் போனாரு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. தாயாம் தாயி. அது கவர்மெண்டு வேலைங்க. காலையில போனா சாயந்தரம் இடுப்பைப் புடிச்சுக்கிட்டு வரும். மரத்து மேல உனக்கு ஆசையா அண்ணின்னு ஒருநாள் கேட்டேன். காலை அமுக்கி விடு பங்கஜம், அப்புறம் சொல்றேன்னுச்சு. அமுக்கி விடுறதுக்குள்ள தூங்கிப்போச்சு. இன்னிக்கு வரைக்கும் பதில் வரல.

நான் அதுக்கு நாத்தனா, பங்கஜவல்லி. எங்க வீடு போலகம். எங்க அண்ணன் தங்கப்பன் ரோட்டு வேலையில கூலியா கிடந்து, நாயா பேயா அலைஞ்சு, ஒருவழியா நிரந்தரம் ஆனான். ஆன மறுவருஷமே மஞ்சக்காமாலை வந்து போயிட்டான். புள்ளை குட்டி இல்ல. எழுபத்து மூணுல அவன் வேலையை அண்ணிக்குப் போட்டுக் குடுத்தாங்க. அப்ப அண்ணிக்கு முப்பத்தஞ்சு வயசு இருக்கும். நான் அதுக்கு முன்னாடியே புருஷன் வீட்டுல சண்டை போட்டுக்கிட்டு வந்து அண்ணன் வீட்டுல குந்திட்டேன். ஆக, ஒரே கூரையில ரெண்டு பொம்பளைங்க. நான் வாயை மூட மாட்டேன், அண்ணி வாயைத் தொறக்காது. அதனால ஒத்துப்போச்சு.

அண்ணிக்குக் குடுத்த வேலை ரோட்டைப் பாத்துக்குறது. எந்த ரோடுன்னா, திருமலைராயன்பட்டினத்துலேருந்து ஆத்தங்கரையோடயே கிழக்க போயி கடலைத் தொடுதே, அது. முன்ன அது வண்டிப்பாதை. புதுச்சேரியிலேருந்து தியாகராசன்னு ஒரு இன்ஜினியர் வந்தாரு. அவருதான் அதை ரோடாக்கணும்னு வரைஞ்சு எழுதி மேல அனுப்பி வாங்கிட்டு வந்தவரு. நல்ல மனுஷன். ஆனா கொஞ்சம் கிறுக்கு. அவரு ஆபீஸ் செவுத்துல ஒரு காலண்டர் படம் இருந்துச்சாம். எந்த நாடோ என்னவோ, மலையைச் சுத்திக்கிட்டு ஒரு ரோடு போவுது, கீழ பள்ளம், பள்ளம் பூரா மரம், ரோட்டு ஓரத்துல ஒரு கார் சும்மா நிக்குது. அந்தக் கார் ஏன் நிக்குது தெரியுமான்னு அண்ணியைக் கேட்டாராம். பஞ்சராங்கன்னு கேட்டிருக்குது இது. அவரு விழுந்து விழுந்து சிரிச்சிருக்காரு. கார்ல வந்தவன் மலையைப் பாக்குறதுக்காக நிப்பாட்டியிருக்கான், அந்த ரோட்டைப் போட்டதே அதுக்காகத்தான்னாராம்.

எங்க ஊருல உசரம்னா வைக்கப்போருதான். அதுக்கு மேல எதையும் நாங்க பாத்ததில்ல. மலைக்கு எங்கங்க போறதுன்னு அண்ணி கேட்டுச்சாம். மலை இல்லன்னா என்ன, கடல் இருக்குல்லம்மான்னாரு அவரு. ஆறு வளையுற இடத்துல எல்லாம் ரோடும் வளையணும், நேராக்கக் கூடாது. ரெண்டு பக்கமும் மரம். கடைசி வளைவுல ரெண்டு பக்கத்து மரமும் மேல கைகோத்துக்கணும், அந்தப் பொந்து வழியா ஒரு துண்டு கடல் தெரியணும். கடை கூடாது, போர்டு கூடாது, மரத்துல ஆணி கூடாது. இதுதான் அவரு திட்டம். நடுறதுக்கு ஆளு இருந்துச்சு. நட்டதைக் காபந்து பண்ண எங்க அண்ணி.

கேக்க சுலபமா இருக்குல்ல? ஆத்துத் தண்ணி அந்தப் பக்கம் உப்பு. கன்னுக்கு ஊத்துனா கருகிடும். பாதி வழியில ஆஸியா பீவி வீடு இருக்கு. அவங்க வீட்டுக்காரரு சவுதியில இருந்தாரு, ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா வருவாரு. அந்த வீட்டுக் கிணறுதான் நல்ல தண்ணி. பீவி ஒரு வார்த்தை சொல்லாம கொல்லைக் கதவைத் தொறந்து விட்டாங்க. இறைக்க இறைக்கத்தான் கிணத்துக்குப் பரக்கத்து, ஊத்து பெருகும், நீ இறைச்சுக்க அஞ்சுகம்னு சொல்லுவாங்களாம். இது இறைச்சு, இடுப்புல ஒரு குடம் தலையில ஒரு குடம்னு கோடை பூரா நடந்துச்சு. வலது தோள் அப்ப இறங்குனதுதான், இன்னமும் ஒரு பக்கம் சரிஞ்சுதான் இருக்கும்.

தண்ணியாவது பரவாயில்ல. இந்த ஆட்டுக்காரங்க இருக்காங்களே! முள்ளு வச்சுக் கட்டுனா முள்ளை அடுப்புக்குக் கொண்டுபோயிடுவாங்க, கன்னை ஆடு கொண்டுபோயிடும். எலெக்சன் வந்தா தட்டி கட்ட வருவானுவோ. ஒரு கட்சிக்காரனைத் தொரத்துனா நீ எதிர்க்கட்சியாம்பான். வளைவுல பிராந்திக் கடை போடணும்னு ஒருத்தன் கொம்யூன் பஞ்சாயத்து வரைக்கும் போயி ஆளைப் புடிச்சான். கீத்துக் கொட்டாய் போட்டுட்டான். அண்ணி சண்டையெல்லாம் போடல. தெனம் காலையில போயி அவன் கொட்டாய் வாசல்லயே உக்காந்து முள்ளு பின்னிக்கிட்டு இருக்கும். குடிக்க வர்றவன் எல்லாம் பொம்பளை உக்காந்திருக்கான்னு கூச்சப்பட்டுத் திரும்பிப் போயிடுவான். ஒரு மாசத்துல அவனே கொட்டாயைப் பிரிச்சுக்கிட்டான். கெட்டிக்காரி அண்ணி நீன்னேன். நிழலா இருந்துச்சு, உக்காந்தேன்னுச்சு.

எழுபத்து ஏழு ஐப்பசிப் புயல் எல்லாத்தையும் சாச்சுட்டுப் போச்சு. எங்க கூரை பறந்து, நாங்க கோயில்ல தங்கி, தண்ணி வடிஞ்சு, அண்ணி ரோட்டைப் போயிப் பாத்துட்டு வந்துச்சு. பூவரசு நாலஞ்சு நின்னுச்சாம். மத்ததெல்லாம் வேரோட கிடக்குதாம். தியாகராசன் சாரும் வந்து பாத்துட்டு, மறுபடி நடணும் அஞ்சுகம்னு சொல்லியிருக்காரு. அன்னிக்கு ராத்திரி சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே உக்காந்திருந்துச்சு, திங்கல. "மறுபடியுமா பங்கஜம்?"னு கேட்டுச்சு. மறுநாள் போயி குழி வெட்டுச்சு.

புயல்ல எங்களுக்குப் போனது கூரை. கடற்கரைக் குப்பத்துல ஆளுங்களே போயிட்டாங்க. குப்பத்துக்குத் தலைவரை நாட்டாருன்னுதான் சொல்லுவோம். அப்ப நாட்டாரா இருந்த செல்லையன், அவருக்கு மூத்த மவன் போயிட்டான். உடம்புகூடக் கிடைக்கல. இதை ஏன் சொல்றேன்னா, பின்னாடி அவரு புடிச்ச புடிவாதத்துக்கு இதுதான் காரணம்.

எங்க பக்கத்து மாசி மகம் உங்களுக்குத் தெரியாட்டி சொல்லிடுறேன். பெருமாள் பல்லக்குல ஏறி, வெள்ளைக் குடை புடிச்சுக்கிட்டு, கடலாட வருவாரு. குப்பத்துக்காரங்களுக்கு அவரு சாமி இல்ல, மாப்பிள்ளை. அந்தக் காலத்துல அவங்க குலத்துப் பொண்ணைக் கட்டிக்கிட்டாராம். அதனால பல்லக்கு தெரிஞ்சதும் "மாப்பிள்ளை வாராரு, மாப்பிள்ளை வாராரு"ன்னு குப்பமே எழுந்து ஓடியாரும். பட்டு சாத்துவாங்க, தோள்ல தூக்கி ஆட்டுவாங்க. கிழவனுவோகூட மச்சான் முறை கொண்டாடுவானுவோ. அந்தக் கூத்தைப் பாக்கவே நான் வருஷா வருஷம் போவேன்.

அண்ணியும் அங்கதான் இருக்கும், டூட்டி. ஆனா பல்லக்கு வர்ற நேரத்துல ஏதாவது ஒரு மரத்துக்குப் பின்னாடி போயி நின்னுக்கும். மாப்பிள்ளை அழைப்புக்கு எதுக்க தாலி இல்லாதவ நிக்கலாமான்னு அதுவா முடிவு பண்ணிக்கிச்சு. யாரும் சொல்லல. நான் திட்டுவேன். உன்னைப் பாத்தா பெருமாளுக்குக் கண்ணு அவிஞ்சா போயிடும்னு கத்துவேன். அது பாட்டுக்கு நின்னுக்கிட்டு இருக்கும், முதுகு மட்டும் தெரியும்.

புயலுக்கு அப்புறம் நட்ட தூங்குமூஞ்சி மரமெல்லாம் மளமளன்னு வளந்துச்சு. எண்பத்து மூணு வாக்குலயே கடைசி வளைவுல ரெண்டு பக்கத்துக் கொப்பும் தொட்டுக்க ஆரம்பிச்சுடுச்சு. வந்துச்சு வினை. கொப்பு கீழ வளைஞ்சு தொங்குது, குடை இடிக்கும். மகத்துக்கு முதநாள் குப்பத்துப் பசங்க அருவாளோட வந்து ரெண்டு பக்கமும் கழிச்சு விட்டுட்டானுவோ. மழைக்குத் துளுத்து, மறுபடி சேந்து, மறுபடி மாசி வந்து, மறுபடி வெட்டு. வருஷா வருஷம் இதே கதை. தியாகராசன் சாரு எழுதிப் பாத்தாரு, பேசிப் பாத்தாரு. சாமி காரியத்துல யாரு கை வைக்குறது? ஒவ்வொரு வருஷமும் வெட்டுன கொப்பை இழுத்து ஓரமா போடுறது அண்ணி வேலை. ஒரு தடவை நானும் கூடப் போயி இழுத்தேன். பச்சைக் கொப்பு என்னா கனம் கனக்குது!

எண்பத்து ஏழு தை மாசம் தியாகராசன் சாரு வீட்டுக்கே வந்துட்டாரு. எங்க வீட்டுல நாற்காலி கிடையாது, உரலைக் கவுத்துப் போட்டு உக்கார வச்சேன். விஷயம் இதுதான். மணல் லாரி போறதுக்கு அந்த ரோட்டை நேராக்கி அகலமாக்கணும்னு இன்னொரு திட்டம் மேல ஓடிக்கிட்டு இருந்துச்சு. அது வந்தா மரம் ஒண்ணு மிஞ்சாது. அதைத் தடுக்க இவரு, இது பாக்குறதுக்குன்னே உள்ள ரோடு, பாதுகாக்கணும்னு எழுதிப்போட்டிருந்தாரு. பங்குனியில பெரிய அதிகாரிங்க நேர்ல வந்து பாத்து முடிவு சொல்லப்போறாங்க. இவருக்கு அந்த வருஷத்தோட ரிட்டயர். பங்குனிக்கு முன்னாடி மாசி. மாசியில கொப்பை வெட்டிட்டா அதிகாரிங்க வந்து மொட்டை மரத்தைத்தான் பாப்பாங்க. இந்த ஒரு வருஷம் மட்டும் வெட்டாம இருக்கச் சொல்லு அஞ்சுகம், நான் சொன்னா கேக்க மாட்டாங்கன்னாரு. நீங்க இன்ஜினியர், நீங்க சொல்லியே கேக்காதவங்க கூலிக்காரி சொல்லி கேப்பாங்களான்னு நான்தான் குறுக்க பேசுனேன். அண்ணி என்னை ஒரு பார்வை பாத்துட்டு, கேக்குறேங்கன்னுச்சு.

போனோம். செல்லையன் நாட்டாரு படகு நிழல்ல உக்காந்து கிழிஞ்ச வலையைப் பொத்திக்கிட்டு இருந்தாரு. அண்ணி சுத்தி வளைக்கல. குடை இல்லாம வரலாமா, இல்ல அந்த வளைவு மட்டும் பல்லக்கைக் கொஞ்சம் இறக்கிப் புடிக்கலாமான்னு கேட்டுச்சு. அவரு கையில இருந்த ஊசியைக் கீழ வச்சாரு.

"ஏம்மா, மாப்பிள்ளை மாமியா வீட்டுக்கு வரையில தலையைக் குனிஞ்சுக்கிட்டா வருவாரு? நாங்க என்ன அவ்வளவு கெட்டுப்போயிட்டோமா?"

சரிதான், கிளம்பு அண்ணின்னு நான் முந்தானையை உதறிட்டேன். அண்ணி நகரல. வெயிலு சுள்ளுன்னு அடிக்குது. காலை மாத்தி மாத்தி நிக்குது, முட்டி வலி. அப்புறம் சொல்லுச்சு:

"அவரு குனிய வேணாம் நாட்டாரே. கொப்பு நிமிந்துக்கட்டும்."

நாட்டாருக்கு வெளங்கல. எனக்கும்தான். தொங்குற கொப்பையெல்லாம் கயிறு போட்டு மேல இழுத்துக் கட்டிட்டா குடை போயிடும், வெட்ட வேண்டியதில்ல, உங்க பசங்களுக்குத் தெரியாத கயிறா, உங்களுக்குத் தெரியாத முடிச்சான்னு அண்ணி மெதுவா எடுத்துச் சொல்லுச்சு. பாய்மரத்தை இழுத்துக் கட்டுறவங்ககிட்ட இதைச் சொன்னா புடிக்காம போவுமா? நாட்டாரு மூஞ்சி தெளிஞ்சுடுச்சு. ஆனா ஒண்ணு சொன்னாரு. மாப்பிள்ளைக்குன்னு கட்டுற கட்டு, விளையாட்டு இல்ல. மஞ்சள் தடவி, கடலைக் கும்புட்டுக் கட்டுவோம். கட்டுனா அடுத்த மாசிக்கு அவரு வந்து நிக்கையிலதான் அவுக்கணும். நடுவுல எவனும் கை வைக்கக் கூடாது. கை வச்சா கடல்ல இருக்குற எங்க புள்ளைங்களுக்கு ஆவாது. சம்மதமான்னாரு. மவனைக் கடலுக்குக் குடுத்த மனுஷன் சொல்லையில, அதெல்லாம் இல்லைங்கன்னு யாரு சொல்றது? அண்ணி சம்மதம்னுச்சு. அந்தப் பங்குனி வரைக்கும் யோசிச்சா போதும்னுதான் எங்களுக்கு அப்ப புத்தி.

அந்த வருஷம் மகம் ஜோரு. பசங்க மரத்து மேல ஏறி, புது நைலான் கயிறு போட்டு, கொப்பையெல்லாம் வாரி மேல கட்டிட்டானுவோ. வெள்ளைக் குடை ஒரு எலை உரசாம அடியில போச்சு. பங்குனியில அதிகாரிங்க ஜீப்புல வந்தாங்க. கடைசி வளைவுல ஜீப்பு நின்னுச்சு. பஞ்சர் ஆவல, அவங்களேதான் நிப்பாட்டுனாங்க. இறங்கி நின்னு பாத்தாங்க. ஒரு அம்மா கைக்குட்டையால வேர்வையைத் தொடைச்சுக்கிட்டு, இங்கேயே உக்காந்துடலாம் போல இருக்குன்னாங்களாம். தியாகராசன் சாரு கண்ணுல தண்ணி. லாரித் திட்டம் போச்சு. மரம் வெட்டக் கூடாதுன்னு பெரிய போர்டு வந்துச்சு. அன்னிக்குத்தான் அந்த மரத்தாய்ப் பேச்சு. சாரு ரிட்டயர் ஆயி ஊருக்குப் போவையில அந்த மலை ரோட்டுப் படத்தைக் காலண்டர்லேருந்து கிழிச்சு அண்ணிக்குக் குடுத்தாரு. அடுப்படியில ஒட்டியிருக்கோம். கரி ஏறி, இப்ப மலையும் தெரியல, காரும் தெரியல.

இதோட முடிஞ்சிருந்தா நானும் நிம்மதியா ஒரு பெருமூச்சு விட்டிருப்பேன். ஐப்பசி மழை புடிச்சுச்சு. ஒருநாள் ஆஸியா பீவி குடையைப் புடிச்சுக்கிட்டு ரோட்டுக்கு வந்து, அண்ணியைக் கூப்பிட்டு மேல காமிச்சாங்க.

"அஞ்சுகம், கயிறு தோலுக்குள்ள போவுது பாரு. வெட்டுனாலாச்சும் துளுக்கும். இது கழுத்தை நெரிக்குதேம்மா, அல்லா."

நெசம்தான். மரம் பருக்குது, கயிறு பருக்குமா? பழைய தேங்காநாருக் கயிறா இருந்தா மழையிலயே மக்கி அறுந்திருக்கும். இது நைலான். கடல் உப்புக்கே அசராது. கொப்புல ரெண்டு பக்கமும் தோலு வீங்கி, நடுவுல கயிறு பதிஞ்சு கிடக்குது. ஒரு கொப்புல எலை பழுத்துக் கொட்டுது, மழைக்காலத்துல! அண்ணி வந்து வீட்டுல சொல்லுச்சு. நானேதான் பங்கஜம் வழி சொன்னேன்னுச்சு.

புது இன்ஜினியர்கிட்ட சொன்னா, அறுத்து விட்டுட்டுப் போங்கம்மா, இதுக்கெல்லாமா கேப்பாங்கன்னு சொல்லிட்டாரு. நானும் அதைத்தான் சொன்னேன். அருவாமனையைத் தூக்கிக்கிட்டு நானே வர்றேன், பெருமாளு வந்து கேட்டா நான் பதில் சொல்லிக்குறேன்னேன். அண்ணி கேக்கல. பெருமாளு கேக்க மாட்டாரு, கடலுக்குப் போறவன் கேப்பான், சம்மதம்னு சொன்ன வாயி என்னோடதுன்னுச்சு. பத்து வருஷமா தண்ணி ஊத்துன மரம் கண்ணு முன்னாடி சாவுது. அதைக் காப்பாத்தணும்னா வாக்கை மீறணும். மனுஷிக்கு ராவுல தூக்கம் இல்ல. எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு. யாரு மேலன்னு தெரியல. செல்லையன் மேலயா, தியாகராசன் சாரு மேலயா, நடுவுல விட்டுட்டுச் செத்துப்போன எங்க அண்ணன் மேலயா?

கடைசியில மறுபடி குப்பத்துக்கே போனோம். நாட்டாரு உடனே எங்ககூட வந்தாரு. மழையில நனைஞ்சுக்கிட்டே மரத்துல ஏறி, கயிறு பதிஞ்ச இடத்துல வெரலை வச்சுப் பாத்தாரு. இறங்கையில மூஞ்சி வாடிப்போச்சு. கட்டுனவன் நான், ஆனா நான் அவுக்க முடியாது அஞ்சுகம்னாரு. மாப்பிள்ளை வரணும். இல்லாட்டி, முறைன்னு பாத்தா, மாப்பிள்ளைக்குக் கட்டுனதை மாமியா அவுக்கலாம், வீட்டுக்காரி அவதானேன்னாரு.

சரி, குப்பத்துல யாராவது ஒருத்தி மாமியா ஸ்தானத்துல நின்னு அவுக்கட்டும்னு பொம்பளைங்களை எல்லாம் கூட்டுனாரு. வலை காயப்போடுற கொட்டாயில கூடுனாங்க. வாடைக் காத்து, கடல் கொந்தளிப்பு, பாதி ஆம்பளைங்க கடல்ல. யாரு வருவா? எனக்குப் புருஷன் இருக்கான்னா ஒருத்தி. எனக்கு நேத்திக்குத்தான் மவன் மொதமொதல்ல கடல்ல இறங்கியிருக்கான்னா இன்னொருத்தி. நாட்டாரு சம்சாரத்தைப் பாத்தாரு. அந்தம்மா, ஒண்ணைக் குடுத்துட்டேன், இருக்குற ஒண்ணையும் கேக்குறியான்னு ஒரு கேள்விதான் கேட்டாங்க. எனக்கே அவங்க மேல கோவம் வரல.

அண்ணி கொட்டாய் ஓரத்துல, வாசப்படியில குந்தியிருந்துச்சு. முட்டியில கையை ஊணி எழுந்துச்சு. எழுந்திருக்கவே ஒரு நிமிஷம் ஆச்சு.

"எனக்குக் கடல்ல யாரும் இல்ல நாட்டாரே. கரையிலயும் இல்ல. வந்தா என்னோட போவட்டும். நான் அவுக்குறேன்."

நான் ஒருத்தி பக்கத்துல நிக்குறேன், கரையிலயும் இல்லைங்குது. அதைக்கூட அப்ப எனக்குக் கேக்கத் தோணல. நாட்டாரு தாலியைப் பத்திப் பேசுவாரு, வேத்து ஊருக்காரின்னு சொல்லுவாருன்னு நான் சண்டைக்குத் தயாரா நின்னேன். அவரு சம்சாரத்தைக் கூப்பிட்டு மஞ்சள் கொண்டாரச் சொன்னாரு.

"அப்ப நீதாம்மா மாமியா"ன்னாரு.

ஏணி வச்சு ஏறுச்சு. அம்பது வயசு, சரிஞ்ச தோள், மடங்காத முட்டி. கத்தி வேணாம்னுடுச்சு, அவுக்குறேன்னு சொன்னா அவுக்கணுமாம், அறுக்கக் கூடாதாம். நனைஞ்ச முடிச்சு இறுகிக் கல்லா கிடக்குது. வெரலால நெம்பி, முடியாட்டி பல்லால கடிச்சு, ஒவ்வொண்ணா அவுத்துச்சு. நான் ஏணியைப் புடிச்சுக்கிட்டு அழுதேன். குப்பத்துப் பொம்பளைங்க தள்ளி நின்னு பாத்துக்கிட்டே இருந்தாங்க. ஆஸியா பீவி தலையில துணியைப் போட்டுக்கிட்டுத் துவா கேட்டுக்கிட்டு நின்னாங்க. எல்லாத்தையும் அவுத்து முடிக்கையில பொழுது சாஞ்சுடுச்சு. ஒரு கொப்பு ஏற்கனவே பட்டுப்போச்சு. மத்ததெல்லாம் பொழைச்சுக்கிச்சு, கயிறு இருந்த எடத்துல வளையம் வளையமா தழும்பு இன்னமும் இருக்கு.

அண்ணி வீட்டுக்கு வந்து நல்லா தூங்கும்னு நெனச்சேன். எங்க? அன்னிலேருந்து வேற பாடு. காத்து கொஞ்சம் பலமா அடிச்சா எழுந்து உக்காந்துக்கும். வேலை முடிஞ்சும் வீட்டுக்கு வராது. கடைசி வளைவுல நின்னு, காலையில போன கட்டுமரமெல்லாம் கரையேறுனதைப் பாத்துட்டுத்தான் வரும். ஒண்ணு குறைஞ்சாலும் நிக்கும். யாரும் இல்லன்னு சொல்லிட்டுப் போன மனுஷிக்கு இப்பக் குப்பமே கடல்ல இருந்துச்சு. அந்த வாடைக்காலம் பூரா நான் தனியாத்தான் சாப்பிட்டேன். நல்லகாலம், யாருக்கும் ஒண்ணும் ஆவல. ஆயிருந்தா அண்ணி என்ன ஆயிருக்குமோ!

எண்பத்து எட்டு மாசி வந்துச்சு. பசங்க மறுபடி கொப்பை இழுத்துக் கட்டுனானுவோ. இந்தத் தடவை அன்னிக்கு சாயந்தரமே மாமியா அவுத்துக்கலாம்னு நாட்டாரே சொல்லிட்டாரு. பல்லக்கு வந்துச்சு, மேளம், வேட்டு, "மாப்பிள்ளை வாராரு"ன்னு சத்தம். கடைசி வளைவுல, மரத்துக்கு அடியில பல்லக்கு நின்னுடுச்சு. என்னமோ ஏதோன்னு கூட்டம் கழுத்தை நீட்டுது. செல்லையன் நாட்டாரு பட்டுத் தட்டைக் கையில வச்சுக்கிட்டு, யாருக்கோ காத்துக்கிட்டு நிக்குறாரு.

எனக்குப் புரிஞ்சுபோச்சு. பின்னாடி திரும்பிப் பாத்தேன். எப்பவும் போல மரத்துக்குப் பின்னாடி, முதுகைக் காமிச்சுக்கிட்டு நின்னுச்சு, கையில தண்ணிக் குடம். போயி கையைப் புடிச்சு இழுத்தேன். வேணாம் பங்கஜம், கால் வலிக்குதுன்னுச்சு. நாட்டாரு சம்சாரம் அதுக்குள்ள வந்துட்டாங்க. குடத்தை வாங்கிக் கீழ வச்சாங்க. ஈரக் கையைத் தன் முந்தானையாலயே தொடைச்சு விட்டாங்க.

"வாங்க மாமியா. மாப்பிள்ளையை நிக்க வச்சுக்கிட்டு என்ன?"

கூட்டம் விலகுச்சு. தட்டைக் கையில குடுத்தாங்க. அம்மாம் பெரிய பெருமாள், கழுத்து பூரா மாலை, எதுக்க எங்க அண்ணி, ரோட்டு வேலைக்குக் கட்டுற நூல் பொடவையோட. இத்தனை வருஷத்துல மொத தடவை நேருக்கு நேரா நிக்குது. இப்பவாச்சும் கண்ணாரப் பாத்துக்க அண்ணின்னு நான் மனசுக்குள்ள கெஞ்சுனேன்.

அது பெருமாளைப் பாக்கவே இல்ல. தட்டைப் புடிச்சுக்கிட்டு, மேல கொப்பையே பாத்துக்கிட்டு நின்னுச்சு, குடை இடிச்சுடப் போவுதோன்னு.